ஒரே பெயரில் இருவர்

அலுவலகத்தில் அவளுக்குச் 'சுருக்கு' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் ஒன்பது இடத்தில் எழுதுவதை அவள் ஒரே இடத்தில் எழுதி முடித்துவிடுவாள். ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். மருந்துப் பட்டியல், கட்டில் பட்டியல், நோயாளிப் பட்டியல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மெத்தட், அதாவது நிரல் துண்டு, எழுதி, ஒன்றில் திருத்தியதை மற்றொன்றில் மறந்து எல்லோரும் விழி பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். சுருக்கு ஒரே மெத்தட் எழுதினாள். உள்ளே வருவது மாத்திரையா மனிதரா என்று அது கேட்காது. எந்த வகைப் பட்டியலைக் கொடுத்தாலும், இரண்டு முறை பதிவானதில் ஒன்றை நீக்கிவிடும்.

இரண்டும் ஒன்றுதான் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? ஒவ்வொரு வகைக்கும் அதைத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். நோயாளி என்றால் பதிவு எண். அது அவளுக்குத் தெரியும். ஆனால் மறுநாளே ஒப்படைக்க வேண்டியிருந்தது. இப்போதைக்குப் பெயரை வைத்து ஒப்பிடட்டும் என்று விட்டாள். மருந்துகளில் சோதித்தபோது கச்சிதமாக வேலை செய்தது.

ஏழு வாரம் கழித்து, டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரே பெயரில் இரண்டு பெண்கள் வந்தார்கள். கவுன்டர் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "பேரு இருக்கும்மா, கூப்பிடுவாங்க" என்று இரண்டாமவளை உட்காரவைத்தாள். கூப்பிடவில்லை. மாலையில் அவளுடைய தம்பி கவுன்டரில் போய்க் கேட்டான்.

"உங்க அக்காவுக்கு முடிஞ்சிருச்சுன்னு காட்டுதே."

"இங்கதானே உக்காந்திருக்காங்க, பாருங்க."

"லிஸ்ட்ல இல்லாம போட மாட்டாங்க. நாளைக்கு வாங்க."

முந்தின முறை வந்தபோதும் இப்படித்தான் டயாலிசிஸ் செய்யாமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூச்சு முட்டி, விடிவதற்குள் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

செய்தி அலுவலகத்துக்கு வந்தது. சுருக்கு திருத்த வேண்டியிருந்தது மூன்றே வரி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"கவுன்டர் பொண்ணு கவனிக்கலன்னு அவளை அனுப்பிட்டாங்க. நீ வாயை மூடிட்டு வேலையைப் பாரும்மா" என்றார் மேனேஜர்.

"தப்பு என்னோடது சார்."

"சொல்லிப் பாரு. நம்ம எல்லார் வயித்திலயும் அடிக்கிறே."

மூன்றாம் நாள் இறந்தவளின் தம்பியைத் தேடிப் போனாள். பெயின்டர் அவன், பாதி அடித்த சுவரிலிருந்து ஏணியில் இறங்கி வந்து நின்றான்.

"பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுதான்னு நான் எழுதி வெச்சிருந்தேன். அதுல உங்க அக்கா விட்டுப்போயிட்டாங்க."

அவன் பிரஷ்ஷை டப்பாவில் போட்டான்.

"இதை எழுதித் தருவீங்களா?"

ஏணியின் படியில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் காகிதத்தால் கவுன்டர் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சுருக்குக்கு வேலை போனது. அக்காவின் சாவு பற்றிய விசாரணையில் அதிகாரி அவளைக் கேட்டார்: "பேரை மட்டும் பாத்தா தப்பாகும்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் எழுதித் தந்த காகிதத்தில் இல்லாத அந்தச் சொல்லைக் கேட்டு, எதிர் பெஞ்சில் பெயின்டர் கடைசிவரை தலை நிமிரவில்லை.