கை: சேதம் இல்லை

கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் கூடத்தின் தலைவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் மில்லிசெகண்ட். காற்றுப்பை முப்பது மில்லிசெகண்டில் விரிந்துவிடும் என்ற ஒரே செய்தியைச் சொல்ல அவருக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். நடுவில் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம் தனி.

அவருடைய பெருமை முழுவதும் சோதனை அறிக்கையின் கடைசி வரியில் இருந்தது. 'கை: சேதம் இல்லை.' பதினோரு வருடமாக அங்கே மோதிய எந்தக் காரிலும், ஓட்டுநர் இடத்தில் உட்காரவைத்த எந்தப் பொம்மைக்கும் கையில் கீறல்கூட இல்லை. இதற்காக மேடையேற்றி, உளுந்துவடை அளவுக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசு கொடுத்திருந்தார்கள். மேடையில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்றுதான். பொம்மையின் தலை, நெஞ்சு, தொடை எல்லாவற்றிலும் சென்சார் உண்டு; கையில் கிடையாது. அளக்காத இடத்தில் சேதம் எங்கிருந்து வரும்?

அந்தக் கைகளை ஸ்டியரிங்கில் வைப்பது, கூடத்தில் எல்லோரும் பொம்மை அக்கா என்று கூப்பிடும் பெண்ணின் வேலை. கடிகாரத்தில் பத்து இருக்கும் இடத்தில் ஒன்று, இரண்டு இருக்கும் இடத்தில் ஒன்று. நழுவாமல் இருக்க மேலே ஒரு துண்டு டேப். பிறகு பொம்மையின் நெற்றிக்கு நீலச்சாயம், மூக்குக்குச் சிவப்பு. மோதி முடிந்ததும் எந்தச் சாயம் எங்கே கலைந்திருக்கிறது என்று பார்த்து, எது எதன்மேல் இடித்தது என்று சொல்லிவிடுவார்.

"இப்படி வண்டி ஓட்டுற ஆளை ரோட்டுல எங்கயாவது பாத்திருக்கீங்களா சார்?" என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "திருப்பத்துல எல்லாரும் கையை ஸ்டியரிங்குக்குக் குறுக்கால போட்டுத்தான் வளைக்கிறாங்க. அப்பப் பார்த்து பை வெடிச்சா, ஸ்டியரிங் நடுவுல இருக்கிற அதோட மூடி திறந்து நேரா எலும்புமேலதான் அடிக்கும். ஒரு சாண் தள்ளி இருந்தா பொழச்சோம். ஒட்டி இருந்தா முறிஞ்சிடும். சென்சார் வெச்ச கை ஒண்ணே ஒண்ணு வரவழைங்க. ஒரே ஒரு மோதல் போதும்."

"படிச்சவங்க அப்படித் திருப்ப மாட்டாங்கம்மா."

இந்த முறை அக்காவால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. சோதனைக்கு வந்திருந்த சின்னக் கார் கடைக்கு வந்ததும் வாங்க, அவருடைய தங்கை முன்பதிவு செய்து வைத்திருந்தாள். குச்சி மாதிரி கை அவளுக்கு. வெள்ளிக்கிழமைக்குள் சோதனைத் திட்டத்தில் கையெழுத்தாகிவிடும். அதற்கப்புறம் புதிதாக ஒரு மோதலையும் சேர்க்க முடியாது.

புதன்கிழமை மில்லிசெகண்ட் இடது முன்கையில் மாவுக்கட்டோடு வந்து இறங்கினார். மனைவிதான் தன் காரை ஓட்டிவந்தார். குளியலறையில் வழுக்கிவிட்டதாம். ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். திட்டக் கோப்போடு உள்ளே போன பொம்மை அக்கா மட்டும் அவர் நெற்றியையே பார்த்தார்.

"ரொம்ப வலிக்குதா சார்?"

"வலி கிடக்கட்டும்மா. வழுக்குன வேகம், தரையோட கோணம், ரெண்டையும் வெச்சுக் கணக்குப் போட்டா..."

"வாட்ச் கட்டிக்கிட்டா குளிச்சீங்க?"

மில்லிசெகண்டின் வலது கை நெற்றிக்குப் போனது.

"நெத்தியில வட்டமா பதிஞ்சிருக்கு சார். ஓரத்துல திருகுற குமிழ்கூடத் தெரியுது. கட்டுப் போட்டிருக்கிற கைதான் வாட்ச் கட்டுற கை. அது நெத்திவரைக்கும் வரணும்னா ஏதோ ஒண்ணு கீழேயிருந்து தூக்கி எறிஞ்சிருக்கணும். தரை அடிக்கும், எறியாது. வலது பக்கமா திருப்பிக்கிட்டு இருந்தீங்களோ?"

"கதவைச் சாத்துங்கம்மா."

சாத்தினார்.

"தெருமுனையில ஒரு கம்பம். திரும்பும்போது போன் அடிச்சுது. வலது கையால எடுத்தேன்."

"அப்போ இடது கை?"

"குறுக்கால," என்றார், மேசையைப் பார்த்தபடி.

"போன்ல யாரு சார்?"

"சாலைப் பாதுகாப்புப் பேச்சுக்கு நேரமாச்சுன்னு கூப்பிட்டாங்க."

பொம்மை அக்கா சிரிக்கவில்லை. அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். "வெளியில குளியலறைன்னே இருக்கட்டும் சார். எனக்கு அந்தக் கை வேணும்."

"எது, இதுவா?"

"பொம்மைக்கு."

மில்லிசெகண்ட் மாவுக்கட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். திட்டத்தில் ஒரு மோதல் கூடியது. காரணம் என்ற கட்டத்தில், 'நம்பத்தகுந்த ஓட்டுநர் ஒருவர் நேரில் அளித்த தகவல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நம்பத்தகுந்த என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதினார்.

மூன்று வாரத்தில் சென்சார் வைத்த கை வந்து சேர்ந்தது. அதை எப்படி வைப்பது என்று காட்ட மில்லிசெகண்டே சோதனைக் காரில் ஏறி உட்கார்ந்தார். உள்ளங்கை கீழே பார்த்து, முன்கை மூடிக்கு மேலே, இடைவெளி மூன்று சென்டிமீட்டர். அக்கா அளந்து குறித்துக்கொண்டார். கடைசியில் மில்லிசெகண்ட் தன் சட்டைப்பையிலிருந்து, கண்ணாடியில் விரிசல் விட்ட அந்தப் பரிசுக் கடிகாரத்தை எடுத்து, தானே பொம்மையின் கையில் கட்டிவிட்டார்.

மோதியது. பை முழுதாக விரிவதற்கு முன்பே, முதல் பதினைந்து மில்லிசெகண்டுக்குள், வரைபடத்தில் கைக்கான கோடு எலும்பு தாங்கும் எல்லையைத் தாண்டி மேலே ஓடியது. பொம்மையின் நெற்றியில் நீலச்சாயம் வட்டமாகக் கலைந்திருந்தது. ஓரத்தில் ஒரு குமிழ்.

"அச்சு அசல்! அதே இடம்!" மில்லிசெகண்ட் ஒற்றைக் கையால் தன் நெற்றியையும் பொம்மையின் நெற்றியையும் மாறி மாறி அளந்தார். கல்யாண ஜாதகம் பொருந்தினாற்போல அப்படி ஒரு பூரிப்பு. சுற்றி நின்றவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குளியலறையைப் பற்றி அதற்கப்புறம் அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மூடி கிழியும் கோட்டையும் பையின் மடிப்பையும் மாற்றாமல் கார் கடைக்குப் போகாது என்று ஆயிற்று. "உன்னால என் வண்டி ரெண்டு மாசம் லேட்டு!" என்று தங்கை போனில் கத்தினாள். "கத்துடி, நல்லாக் கத்து," என்றார் அக்கா. காதில் போனை இடுக்கிக்கொண்டே அறிக்கையின் கடைசி வரியில் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'உண்டு' என்று எழுதினார்.

சாயங்காலம் மில்லிசெகண்டை அழைத்துப்போக மனைவி வந்திருந்தார். ஸ்டியரிங்கில் பத்து, இரண்டு என்று கையை வைத்தபடி, கார் கதவில் நின்றுகொண்டு கணவர் நடத்திய எலும்பு வகுப்பைக் கால் மணி நேரம் கேட்டார்.

"ஏறி உக்காருங்க," என்றார் கடைசியில். "அந்தப் பொம்மையாவது கையை உடைச்சுக்கிட்டுப் பேசாம உக்காந்திருக்கு."