வேர் பட்டுவிட்டது

என் தம்பி ஜூஹாரிக்குக் கைப்பேசி கையில் இருந்தால் தலைகால் புரியாது. மலையேறிய இரண்டாம் நாள் காலை, ஆற்றோரக் கல்லடியில் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட கட்டுவிரியன் ஒன்று சுருண்டு கிடந்தது. பகலில் அது மந்தமாகத்தான் இருக்கும். அந்த மந்தத்தைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டான் மடையன்.

"எடுக்காதடா" என்றேன். எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"அக்கா, படம் பிடி. எவ்வளவு சாதுவா இருக்கு பாரு, உன்ன மாதிரி இல்ல!"

மாட்டேன் என்று திரும்பிக்கொண்டேன். அவனே பிடித்தான். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் பாம்பு. விரலிடுக்கில் கடித்துவிட்டது. "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்று அதையும் கைப்பேசியிடம் சொல்லிச் சிரித்தான்.

வழிகாட்டி பாக் டெராமான் சிரிக்கவில்லை. அவன் கையைத் துணியால் சுற்றிக் கட்டிப் படுக்க வைத்துவிட்டு, வாக்கிடாக்கியோடு மேட்டுக்கு ஓடினார். பள்ளத்தில் அதற்குச் சிக்னல் எடுக்காது; கைப்பேசிக்கோ மலை முழுக்கவே கிடையாது. திரும்பி வந்து, "அடிவாரத்துக்குச் சொல்லிட்டேன்மா, ஆள் கிளம்பியாச்சு" என்றார்.

மதியத்துக்குள் ஜூஹாரியின் இமைகள் தொங்கிவிட்டன.

"அக்கா, ரெண்டு ரெண்டா தெரியிற. ஒருத்தி திட்டினாலே தாங்காது."

பிறகு நாக்கு குழறியது. பிறகு பேச்சே இல்லை. நான் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது ஒரு கிழவர். பையில் தைலப் புட்டி. மூச்சு வாங்கிக்கொண்டே, "எந்தக் காலும்மா?" என்றார்.

"காலா?"

"வேர் பட்டுருச்சுன்னாங்களே! தடுக்கி விழுந்துட்டாருன்னு, சுளுக்கெடுக்க என்ன அனுப்பிவிட்டாங்க."

எங்கள் காட்டுக்குள் யாரும் பாம்பைப் பேர் சொல்வதில்லை. சொன்னால் வந்துவிடும் என்று பயம்; வேர் என்பார்கள். ஊர்க்காரனுக்குப் புரியும். அன்று அடிவாரத்தில் வாக்கிடாக்கியோடு உட்கார்ந்திருந்ததோ கோலாலம்பூர்ப் பிள்ளைகள். பேர் சொன்னால் வந்துவிடுமாம்! அதுதான் வந்து, கடித்து, போயும் விட்டதே. இன்னும் என்ன மரியாதை அதற்கு?

வாக்கிடாக்கியைப் பிடுங்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். "பாம்பு! பாம்பு கடிச்சிருக்கு! டாக்டர அனுப்புங்க!" என்று கத்தினேன். பின்னாலேயே ஓடிவந்த பாக் டெராமான் என் வாயைப் பொத்தினார்.

"மெதுவாம்மா. ராத்திரி இங்கதான் தங்கணும்."

அவர் கையைத் தட்டிவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் பதறிப்போய், "அவரு மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூச்சு இல்லை.

சாயங்காலம் ஹெலிகாப்டர் வந்தது. அந்த மட்டும், பிணத்தைச் சுமந்து இறங்கும் வேலை எங்களுக்கு மிச்சம்.