நாலாவது பிளக்

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தனபாலன், துரையின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை மலாயாவின் ஜாசினில் இருந்த காத்தமுத்துவின் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார். நாலு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்ற வேண்டும். மூன்று கழன்றன. நாலாவது துருவேறி அசைய மறுத்தது. மல்லுக்கட்டினால் உள்ளேயே உடைந்துவிடும். எண்ணெய் ஊற்றி விடியும்வரை விட்டால் இளகும். ஆனால் அவசரகால ஊரடங்குக்கு முன் கார் தோட்டம் போயாக வேண்டும்.

முடியவில்லை என்று சொல்லக் காத்தமுத்துவுக்கு வாய் வரவில்லை. பாழாய்ப்போன கௌரவம்! அந்தப் பழைய பிளக்கின் பீங்கான் தலையைத் துடைத்துப் பளபளப்பாக்கி, ஒயரை மாட்டினான்.

“பழசைக் குடுங்கண்ணே. எல்லாம் மாத்தியாச்சான்னு துரை பாப்பாருலா” என்று கை நீட்டினார் தனபாலன்.

குப்பை டின்னிலிருந்து வேறொரு பழைய பிளக்கைப் பொறுக்கி, கழன்ற மூன்றோடு சேர்த்துக் கொடுத்தான்.

“போன வாரம் ரப்பர் காட்டுல ஒரு லோரி நடுவழியில நின்னுச்சு. கம்யூனிஸ்டுகாரனுங்க கொளுத்திட்டானுங்க. நீங்க கை வச்ச வண்டி நிக்காது, அதான் உங்ககிட்ட வந்தேன்” என்றார் தனபாலன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பானட்டை இறக்கி மூடினான்.

கார் கிளம்பியது. இன்ஜின் நடுநடுவே விக்கியது காத்தமுத்துவின் காதுக்கு மட்டும் கேட்டது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினான். வழியனுப்புகிறான் என்று எண்ணித் தனபாலனும் கையாட்டிவிட்டுப் போனார்.

தூக்கிய கையில் நாலாவது புதுப் பிளக் இருந்தது.