எட்டுப் பத்துப் படகு

மூத்தவள் இந்தப் படகுத்துறைத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு வருஷம். கொழுந்தன் பெண்டாட்டியான சின்னவள் வந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தெருவையே அவள் பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி வளைய வந்தாள்.

சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வலை உலர்த்தும் சந்து, நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் கடை, பழைய கிடங்கின் இரும்பு ஏணி, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எல்லாம் வரிசையாக வரும்.

"அந்த ஏணியில ஏறி நின்னா மூணு பாலமும் தெரியுது மாமா."

மூத்தவளின் புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தான். "இத்தனை வருஷமா இங்கதான இருக்க? நீ ஒண்ணும் சொன்னதில்லையே?"

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. கரண்டியை டங்கென்று வைத்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். படகு விஷயம்தான் பொறுக்கவில்லை. எட்டுப் பத்துப் படகு யாருக்கும் நிற்காது. துறையில் கயிற்றை அவிழ்த்துவிடுகிறவர் கடிகாரத்தைப் பார்ப்பாரே தவிர ஆளைப் பார்க்க மாட்டார். அக்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மூத்தவள் மூச்சிரைக்க ஓடிவந்து, நாலடித் தண்ணீரில் அதைக் கோட்டைவிட்ட நாட்கள் எத்தனையோ. அடுத்த படகுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாளாவது அவர் திரும்பிப் பார்த்ததுண்டா?

அதே மனிதர் திங்கட்கிழமை, மணி எட்டுப் பன்னிரண்டாகியும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணினி வகுப்புக்குப் போகும் சின்னவள் இன்னும் வரவில்லையாம். அவள் சாவகாசமாக வந்து, சிரித்துக்கொண்டே ஏறினாள்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பேர் சொல்லி மழுப்ப வேண்டாம்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குச் சின்னவளுக்கு அக்கரையில் வேலைக்கு நேர்காணல். சான்றிதழ் உறையைத் தேடி வீட்டையே கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க முன்னால போங்கக்கா. ரெண்டே நிமிஷம், அவரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க."

துறையில் கயிற்றுக்காரர் கேட்டார். "எங்க அந்தப் பொண்ணு?"

பதினோரு வருஷத்தில் அவர் மூத்தவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அதுவும் இன்னொருத்தியைப் பற்றி.

"அவ இன்னைக்கு வரல."

நாக்கு குழறவே இல்லை. கயிறு அவிழ்ந்தது. பாதித் தண்ணீரில் திரும்பிப் பார்த்தபோது, உறையை மார்போடு அணைத்துக்கொண்டு சின்னவள் படிகளில் இறங்கி ஓடிவருவது தெரிந்தது. மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் சின்னவளின் கண்கள் வீங்கியிருந்தன. "லேட்டா வந்தா உள்ள விட மாட்டாங்களாம். தப்பு என்மேலதான்க்கா. அவரும் எவ்வளவு நேரம்தான் நிறுத்துவாரு?"

மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. விடியும்வரை புரண்டுவிட்டு மறுநாள் தாமதமாகத்தான் எழுந்தாள். துறைக்கு வந்தபோது மணி எட்டுப் பதினாலு. படகு நின்றுகொண்டிருந்தது.

"உங்களுக்காகத்தான் நிறுத்தியிருக்கேன்" என்றார் கயிற்றுக்காரர். "நேத்து படகு போனப்புறம் அந்தப் பொண்ணு இங்க உக்காந்து அழுதுச்சு. போறப்ப, 'எங்க அக்காவும் தினம் ஓடித்தான் வர்றாங்க, அவங்களுக்கும் கொஞ்சம் நில்லுங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

ஏறுவதற்குக் கை கொடுத்தார். பிறகு குரலைத் தணித்தார். "அது வரலன்னு நீங்க சொன்னதை நான் அதுகிட்ட சொல்லல. நேரமாச்சு, எடுத்துட்டேன்னுதான் சொன்னேன்."

அவர் தன் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க மாட்டாரா என்றுதான் பதினோரு வருஷமாக ஏங்கியிருந்தாள். இப்போது பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.