பதினெட்டாம் தேதி வராத ஊர்

போர் முடிந்த வருஷம் எங்கள் ஊருக்கு அக்டோபர் பதினெட்டாம் தேதி வரவில்லை. மற்ற ஊர்களுக்கு வந்தது; சரித்திரப் புத்தகத்தில் அந்த ஒரு நாளுக்கு நாற்பது பக்கம். பதினேழாம் தேதியே சண்டையை நிறுத்த முடிவாகிவிட்டது. ஆனால் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று மந்திரிகள் முறுக்கிக்கொண்டதில், பத்தொன்பதாம் தேதி காலை ஆறு மணிக்குத்தான் துப்பாக்கிகள் ஓயும் என்று தந்தி வந்தது. அதற்குள் ஆற்றுப்பாலத்தைப் பிடித்துவிடத் தளபதிக்கு ஆசை. பாலத்தடியில் இருந்த படையில் எங்கள் ஊர்க்காரர்கள் பதினோரு பேர். அதில் ஒருவன் தபால் ஆபீசில் முத்திரை குத்துபவளின் புருஷன். தந்தியை எழுதி எடுத்தவளும் அவளே. இன்னும் ஒரு நாள் அவன் தப்பிவிட்டால் போதும்.

மறுநாள் காலை பத்தொன்பது, பத்தொன்பது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், முத்திரையிலும் பத்தொன்பதையே திருப்பி வைத்துவிட்டாள். முதல் முத்திரையை நோட்டில் குத்திக் கையெழுத்து வாங்குவது வழக்கம். போஸ்ட் மாஸ்டர் தினமும்போலக் கண்ணாடி போடாமலே கையெழுத்திட்டார். முந்நூறு கடிதம் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவள் அழுதுவிட்டாள்.

"கையெழுத்து விழுந்த நோட்டுல அடிச்சுத் திருத்தக் கூடாதும்மா. இன்னைக்குப் பத்தொன்பதுதான், போ" என்றார் அவர்.

பள்ளிக்கூடம் கரும்பலகையை மாற்றியது, கடைக்காரர்கள் காலண்டரில் இரண்டு தாள் கிழித்தார்கள். அடுத்த நாளும் பத்தொன்பதாகவே இருந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

முத்திரை மாறிய அன்று மாலை நான்கு மணிக்குப் பாலத்தில் மந்திரிசபையே கவிழும் அளவுக்கு ஆட்கள் செத்தார்கள். எங்கள் பதினோரு பேர் இருந்த இடத்தில் மட்டும், பிடிக்க ஆளில்லாமல் துப்பாக்கிகள் நிமிர்ந்து நின்றன. அதே நான்கு மணிக்கு அவர்கள் எங்கள் கடைத்தெருவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். "நேத்து பாலத்தடியில படுத்தேன், முழிச்சா இங்க நிக்கிறேன்" என்றான் அவள் புருஷன். அவள் அவன் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் அந்தத் தேதி அவர்களை விடவில்லை. வருஷா வருஷம் பதினெட்டாம் தேதி விடிந்தால் பதினோரு பேரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். மறுநாள் ஆறு மணிக்கு ஆற்றுச் சேற்றோடு திரும்புவார்கள். எங்கே போனாய் என்று அவள் கேட்டதில்லை. இந்த முறை வருவானா என்ற பயத்தில் வாசலிலேயே கிடப்பாள்.

இருபத்தாறாவது வருஷம் ஏழு மணியாகியும் அவனைக் காணோம். அவள் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஏழரைக்கு வந்தான், நரைத்த தலையோடு, முதுகில் ஒருவனைச் சுமந்துகொண்டு. பாலத்தில் செத்துப்போன படைச் சமையல்காரன், வேறு ஏதோ ஊர்க்காரன், செத்த அன்றைய வயதிலேயே இருந்தான்.

"ஒருத்தனைத்தான் தூக்க முடிஞ்சுது" என்றான் புருஷன்.

சமையல்காரன் சுற்றிலும் பார்த்தான். "சண்டை நின்னுடுச்சாக்கா?"

"நின்னுடுச்சு தம்பி. காலைக் கழுவிட்டு உள்ள வா" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னொரு டம்ளர் எடுத்து வைத்தாள்.