முதலில் வைத்த பேர்

பாவாடைக்கு ஒரு பழக்கம் உண்டு. புரியாத இங்கிலீஷ் வார்த்தை கண்ணில் பட்டால் போதும், எதிரே இருப்பவர் கலெக்டரே ஆனாலும் அர்த்தம் கேட்டுவிடுவார். ஆலத்தியூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கூட ஓட்டுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவர் பட்ட பாடு அவர்களுக்கு என்ன தெரியும்?

மூன்று வருடத்துக்கு முன்பு, பதினொன்றாம் வகுப்புப் படித்த அவருடைய ஒரே மகள் கலையரசி, உடம்பெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போய்த் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது என்றார்கள். சீட்டில் டாக்டர் நீளமாக ஒரு வார்த்தை எழுதியிருந்தார். அதை மருந்தின் பேர் என்று நினைத்துக்கொண்டு மனுஷன் மெடிக்கல் ஷாப் மெடிக்கல் ஷாப்பாக ஏறி இறங்கினார். கூட்டத்துக்கு நடுவில் மூன்று கடையில் இல்லையென்று கையை விரித்தார்கள். நாலாவது கடைக்காரர்தான் நிதானமாகப் படித்துவிட்டு, "இது மருந்து இல்லீங்க, வியாதி" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். பத்தொன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டாள். கடைசியாகக் கொடுத்த காகிதத்திலும் அதே வார்த்தைதான் இருந்தது.

அதன் அர்த்தத்தைச் சொன்னவள் ஆர்த்தி. கல்லாகிப் போன கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற திருச்சிப் பெண். ஓடையில் அவள் கல் பொறுக்க வந்த நாளெல்லாம், பள்ளிக்கூடம் விட்டதும் கலையரசி அவள் பின்னாலேயே திரிவாள். துக்கம் கேட்க வந்தவளிடம் பாவாடை காகிதத்தை நீட்டினார்.

"இடியோபதிக்னா கிரேக்கத்துல 'தனக்கே உரிய நோவு'ன்னு அர்த்தங்கய்யா. என்ன காரணம்னு தெரியாதப்ப டாக்டருங்க அப்படி எழுதுவாங்க."

"தெரியாதுன்னு எழுதவா அம்மாம் பெரிய வார்த்தை?" என்றார் பாவாடை.

கலையரசி கண்டெடுத்த கல் ஒன்று ஆர்த்தியிடம் இருந்தது. ஆட்டுக்கொம்பாகச் சுருண்ட ஓடு. கொம்பு வைத்த எகிப்து சாமி ஒன்றின் பேரால்தான் இந்தச் சாதிக்கே அமோனைட் என்று பேர் வந்தது என்று அவள் சொன்னபோது, "சாமிக்குக் கொம்பா!" என்று பாவாடையின் மனைவி முத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வருடம் ஆர்த்தி ஒரு புத்தகத்தோடு வந்தாள். அந்தக் கல் இதுவரை யாருமே பேர் வைக்காத வகையாம். கலையரசியின் பேரையே வைத்து அச்சிலும் ஏற்றிவிட்டாளாம். அன்று புருஷனும் பெண்டாட்டியும் தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார்கள். பிள்ளை போய்விட்டாள், ஆனால் உலகம் உள்ளவரை அவள் பேர் இருக்கும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பாவாடை சோறு தின்றார், தூங்கினார், லாரி ஓட்டினார்.

இன்று மூன்றாம் வருட நினைவு நாள். பஸ் ஸ்டாப்பில் ஃபிளக்ஸ் கட்டியிருந்தார். மேலே கலையரசியின் படம், அதன் கீழே பெரிய எழுத்தில் அவள் பேர், அடியில் அந்தக் கல்லின் படமும் இங்கிலீஷில் அதன் பேரும். பதினோரு மணி பஸ்ஸில் ஆர்த்தி வந்து இறங்கினாள். படையலுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் சந்தோஷப்பட்டார். இலை போட்டும் அவள் உட்காரவில்லை.

"ஐயா, அந்தப் பேர் நிக்கலைங்க" என்றாள்.

"நிக்கலைன்னா?"

"நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு வெள்ளைக்காரர் இந்தப் பக்கம் வந்து, உடைஞ்ச துண்டு ஒண்ண எடுத்துட்டுப் போயிப் பேர் வெச்சிருக்காரு. வெளிநாட்டு மியூசியத்துல பெட்டிக்குள்ள கிடந்திருக்கு. இப்ப ஒருத்தர் ரெண்டையும் வெச்சுப் பாத்து, ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதிட்டாரு. யாரு முதல்ல வெச்சாங்களோ அந்தப் பேர்தான் நிக்கும். அதுதான் விதி. நானும் பாத்துட்டேன், அவர் சொல்றது சரிதாங்க."

முத்தாயி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பாவாடைக்குப் பழக்கம் விடுமா?

"அவன் வெச்ச பேருக்கு என்ன அர்த்தம் பாப்பா?"

ஆர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். "டூபியா. லத்தீன் வார்த்தைங்க. சந்தேகமானதுன்னு அர்த்தம். உடைஞ்ச துண்டுங்கறதால இன்னதுன்னு அவருக்குத் தெரியல. அதான் அப்படி வெச்சிட்டாரு."

"தெரியலையா?" என்றார் பாவாடை. "புள்ளையக் கொண்டுபோனதும் தெரியாதுங்கற வார்த்தை. அவ பேரக் கொண்டுபோறதும் அதேதானா? தெரியாது தெரியாதுன்னே எம்புள்ளைய முழுசா முடிச்சிட்டீங்களே!"

மகளைப் புதைத்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டு அழுதார். ஆர்த்தியும் அழுதாள். வராமலே இருந்திருக்கலாம், போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் பாவாடை எழுந்து காய் நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். பெண்கள் இருவரும் பதறிப்போய்ப் பின்னால் ஓடினார்கள். அவர் போய் நின்ற இடம் பஸ் ஸ்டாப்.

"அந்தப் பேர் அப்படியே இருக்கட்டுங்கய்யா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் ஆர்த்தி.

"அவளுக்குத் தெரியும். ஒரு எழுத்து தப்பா எழுதிட்டாக்கூட, ரப்பர் எடுத்து அழிச்சிட்டுத்தான் சோத்துல கை வெப்பா."

ஃபிளக்ஸின் அடியைக் கத்தியால் கோணல்மாணலாக அறுத்தெடுத்தார். கல்லும் இங்கிலீஷ் எழுத்தும் கீழே விழுந்தன. மேலே ரெட்டை ஜடையோடு கலையரசியும் தமிழில் அவள் பேரும் மட்டும் மிஞ்சின.

"பாப்பா, முதல்ல வெச்ச பேர்தான் நிக்கும்னு சொன்னீல்ல? இது நானும் இவளும் வெச்சது. தொட்டில்ல போட்டு அவ காதுல மூணு தடவ சொன்னோம். இத எவனும் வந்து எடுக்க முடியாதுல்ல?"

"முடியாதுங்கய்யா."

விழுந்து கிடந்த துண்டை எடுத்து மண்ணைத் தட்டிச் சுருட்டி இடுக்கிக்கொண்டாள் முத்தாயி.

"பேரு நிக்குது. கூப்புட்டா ஏன்னு கேக்கத்தான் ஆளு இல்ல" என்றாள். பிறகு ஆர்த்தியின் கையைப் பிடித்து, இலை போட்டது போட்டபடி கிடக்கிறது, சாப்பிட வா என்று கூட்டிக்கொண்டு போனாள்.