புல்வெளியில் டெஸ்மண்ட்

அந்தக் கோடையில் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பேராலயத்தின் தெற்குப் புல்வெளி காய்ந்து கருகியதும், மண்ணுக்கடியில் கிடந்த பழைய துறவியர் மடத்தின் சுவர்களெல்லாம் புல்லில் வெளிறிய கோடுகளாகத் தெரிய ஆரம்பித்தன. ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. தெல்மா வந்தது வேறு காரியமாக. வருகிற சனிக்கிழமை அவளுக்கும் ரோலண்டுக்கும் கல்யாணம். செத்துப்போன புருஷன் டெஸ்மண்டிடம் சொல்லாமல் செய்துகொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

டெஸ்மண்டின் சாம்பல் அந்தப் புல்வெளியில்தான் இருந்தது. கல் கிடையாது, பெயர் கிடையாது; குழி தோண்டி, சாம்பலைக் கொட்டி, மேலே புல்லை மூடிவிடுவதுதான் அங்கே வழக்கம். சாம்பலைப் புதைத்த அன்றைக்கு மழையில், குடைகளுக்கு நடுவே நின்று பார்த்த இடத்தை அவள் மனதில் குறித்துவைத்திருந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே போய் வாரக் கதையெல்லாம் ஒப்பிப்பாள். இப்போது அதே இடத்தில் தடித்த கோடு ஒன்று ஓடியது.

கோடுகளை அளந்துகொண்டிருந்த தொல்லியல் ஆய்வாளன் பியர்ஸ், அது துறவிகளின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் என்று குஷியாகச் சொன்னான். புல்லுக்கு ஒரு சாண் கீழேயே கல்லாம்.

"அப்ப இங்க குழி தோண்டவே முடியாதா தம்பி?"

"மண்வெட்டி இறங்காதுங்க."

அப்படியென்றால் டெஸ்மண்ட் இங்கே இல்லை. முட்டிவலி, ஒழுகும் கூரை, மருமகளின் வாய், அத்தனையையும் இத்தனை வருஷமாக யாரிடம் கொட்டினாள்? வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பேராலய அலுவலகத்தில் போய் விசாரித்தாள். தெற்குப் புல்வெளி என்பதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

பியர்ஸுக்குப் பாவமாகிவிட்டது. தோண்டிய மண்ணில் ஈரம் தங்கும், அங்கே புல் பச்சையாக இருக்கும் என்றான். தெல்மா ஆவலாகத் திரும்பினாள். எங்கு பார்த்தாலும் சாப்பாட்டுத் தட்டு அளவில் பச்சைத் திட்டுகள். ஊரில் செத்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

"இதுல எது என் வீட்டுக்காரர்?"

"தெரியலைங்க."

வேறு வழியில்லை. ஒவ்வொரு திட்டாகப் போய் நின்று, "ரோலண்டைக் கட்டிக்கப் போறேன், கோவிச்சுக்காதே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. மழைநீர்க் குழாயை ஒட்டியிருந்த ஒரு திட்டில் மட்டும் வாயே வரவில்லை. அங்கே இருப்பது டெஸ்மண்ட்தானா, இல்லை தனக்குத்தான் களைப்பா என்று அவளுக்குப் புரியவில்லை. கல்யாண விஷயத்தைச் சொல்லாமலே அங்கே வெகுநேரம் நின்றாள்.